இந்தியாவில் ஆயுள் காப்பீட்டின் தொடக்க வரலாறு

இந்தியாவின் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனமான ஓரியண்டல், 1818-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டு 1834-இல் நொடித்துப்போனது. சென்னை மாகாணத்தில் 1829-இல் மெட்ராஸ் ஈக்விட்டபிள் நிறுவனம் இத்தொழிலைத் தொடங்கியது.

தவணைத்தொகைக் கணக்கு

காப்பீட்டுத் தவணைத்தொகை (பிரீமியம்) இறப்பு வீதத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஒரே வயதுடைய 1,000 பேரில் ஓராண்டில் 10 பேர் இறக்கலாம் என்று கொள்வோம். இறந்தவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் வழங்க 10,000 ரூபாய் வேண்டும். எனவே ஒவ்வொருவரும் 10 ரூபாய் செலுத்த வேண்டும்; நிர்வாகச் செலவு தனி. வயது கூடக்கூட இறப்பு வீதமும் தொகையும் உயரும். இக்கணக்கைச் செய்பவர் காப்பீட்டுக் கணிப்பாளர் (ஆக்சுவரி). 1762-இல் இலண்டனில் நிறுவப்பட்ட ஈக்விட்டபிள் சங்கம் தன் தலைமை அலுவலருக்கு வைத்த பதவிப்பெயரே இத்தொழிலின் பெயராயிற்று.

இந்தியருக்குக் கூடுதல் கட்டணம்

தொடக்ககால நிறுவனங்கள் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே நடத்தப்பட்டன. இந்தியரின் உயிருக்கு இடர் அதிகம் என்று கருதி, அவர்களிடம் கூடுதல் தொகை பெற்றன. 1870-இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல் சங்கம், இந்தியரையும் வழக்கமான கட்டணத்திலேயே சேர்த்துக்கொண்டது.

சட்டமும் நாட்டுடைமையும்

இன்று செலுத்தும் பணம் பல ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தின் கைக்குக் கிடைக்க வேண்டுமானால் நிறுவனத்தின் கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஆகவே கட்டண அட்டவணைகளுக்கும் நிதி மதிப்பீட்டுக்கும் கணிப்பாளரின் சான்றிதழ் தேவை என 1912-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1956-இல் 245 நிறுவனங்களும் சங்கங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) உருவானது.