பந்தைத் துரத்திய சிறுமிகள்... மனம் மாறிய பெற்றோர்! ஒரு ஜார்க்கண்ட் கதை

ஜார்க்கண்ட் தலைநகர் ராஞ்சியை அடுத்திருக்கிறது ஓர்மாஞ்ஜி வட்டாரம். விவசாயமும் கூலி வேலையும்தான் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பிழைப்பு. பெண் பிள்ளை கொஞ்சம் வளர்ந்துவிட்டாலே தண்ணீர் எடுப்பது, சமைப்பது, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் தலையில்தான். அப்புறம் படிப்பு நிற்கும். கல்யாணப் பேச்சு தொடங்கும்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஜார்க்கண்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 32 சதவிகிதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் முடிந்திருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர்!

இந்த நிலையை மாற்ற இங்கே உதவியது, ஒரு கால்பந்து.

ஆசைப்பட்டது ஒருத்தி... திரண்டது ஓர் அணி!

அமெரிக்கரான ஃப்ரான்ஸ் கேஸ்ட்லர் இந்தப் பகுதியில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து வந்தார். கால்பந்து ஆட வேண்டும் என்று ஒரு சிறுமி ஆசைப்பட, முதலில் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார் அவர். அவளும் சேர்த்துவிட்டாள். 2009-ல் 'யுவா' அமைப்பு உருவானது இப்படித்தான்.

வீட்டில் ஒரு பெண் தனியாக நின்று 'இப்போது கல்யாணம் வேண்டாம், படிக்கிறேன்' என்று சொல்வது சுலபமில்லை. அவளுக்குப் பின்னால் ஓர் அணியே இருந்தால்? ஒருத்தி பயிற்சிக்கு வரவில்லை என்றால் காரணம் கேட்க ஆள் இருக்கிறது. இங்கே சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் இதே ஊர்களில் ஆடி வளர்ந்த அக்காக்கள்தான்.

அரைக்கால் சட்டையா?

ஆரம்பத்தில், 'பொண்ணுங்க அரைக்கால் சட்டை போட்டு ஆடுறதா?' என்று ஊரே முகம் சுளித்தது. அதனால், பெற்றோரிடம் பேசிப் புரியவைப்பதும் பயிற்சியைப் போலவே முக்கியமான வேலையானது.

2013-ல் 18 சிறுமிகள் ஸ்பெயின் போட்டிகளுக்குக் கிளம்பினார்கள். பாஸ்போர்ட்டுக்குத் தேவையான பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே அவர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. அத்தனையையும் தாண்டிப் போனவர்கள், காஸ்டைஸ் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்துத் திரும்பினார்கள்.

2015-ல் யுவா சொந்தமாகப் பள்ளியையும் தொடங்கியது. 2019-ல் விளையாட்டின் மூலம் சமூக மாற்றம் கொண்டுவருவோருக்கான லாரியஸ் விருது கிடைத்தது. மொனாக்கோ மேடையில் அதைப் பெற்றுக்கொண்டவர்கள், இந்தக் கிராமத்துப் பெண்களே! 2021-ல் இங்கே ஆடிப் படித்த ஒரு மாணவிக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

நம் வீட்டுக்கும் பொருந்தும்!

எல்லோரும் இந்திய அணிக்கு ஆடப்போவதில்லை. ஆனால், நேரத்துக்கு வருவது, தோற்றாலும் மறுநாள் திரும்ப வருவது, தனக்கு வேண்டியதை வாய்திறந்து கேட்பது... இவையெல்லாம் மைதானத்தில் பழகி, வாழ்க்கை முழுக்கக் கூட வருபவை.

உங்கள் வீட்டு டீன் ஏஜ் பிள்ளை படிப்பில் தடுமாறினாலோ, யாருடனும் பேசாமல் ஒதுங்கினாலோ, முதல் வேலையாக விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள்.

* விளையாட்டோ, நாடகமோ, இசைக் குழுவோ... பிள்ளைக்குப் பிடித்த ஒரு குழுவில் சேர்த்துவிடுங்கள்.
* மகளுக்கும் மகனுக்கும் வீட்டு வேலையைச் சமமாகப் பிரியுங்கள். அப்போதுதான் மகளுக்கும் மைதானத்துக்குப் போக நேரம் கிடைக்கும்.
* 'ஜெயிச்சியா?' என்று கேட்பதற்கு முன், 'இன்னிக்கு எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள்.
* முடிந்தபோது ஒரு நாள் நேரில் போய், ஓரமாக நின்று பாருங்கள். அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள் என்பதே பிள்ளைக்குப் பெரிய தெம்பு!