கேழ்வரகில் பீர்: இமயமலை உழவர்களின் கைப்பக்குவம்

கேழ்வரகு என்றால் நம் பக்கத்தில் களியும் கூழும்தான். கிழக்கு நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் மலைப்பகுதிகளில் இதே தானியத்தைக் கொண்டு வீட்டுக்கு வீடு பீர் தயாரிக்கின்றனர். பெரிய ஆலைகள் எதுவும் இதற்குத் தேவையில்லை. லிம்பு, ராய் முதலிய மலைச் சமூகத்துப் பெண்களே இதில் கைதேர்ந்தவர்கள். நேபாளத்தில் கேழ்வரகுக்குக் 'கோதோ' என்று பெயர். இதை நம் வரகு என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

அங்கு படிக்கட்டு வயல்களில் முதலில் மக்காச்சோளம் விதைக்கின்றனர். மழை தொடங்கியதும், நாற்றங்காலில் வளர்த்த கேழ்வரகு நாற்றைப் பறித்து, நிற்கும் மக்காச்சோளத்தின் ஊடே நடுகின்றனர். மக்காச்சோளம் அறுவடையானதும் கேழ்வரகுக்கு வெளிச்சம் கிடைத்துத் தூர் பிடிக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் கதிர் அறுக்கப்படுகிறது. நடவும் களையெடுப்பும் கதிர் கொய்வதும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். இவ்வளவு பாடுபட்டும் இப்பயிரை அவர்கள் விடாமல் வைத்திருப்பதற்கு இந்தப் பானம் ஒரு முக்கியக் காரணம்.

பார்லியில் பீர் தயாரிப்போர் தானியத்தை முளைகட்டுவர். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். பிறகு ஈஸ்ட் அச்சர்க்கரையைச் சாராயச் சத்தாக்கும். மலைநாட்டில் முளைகட்டுவதே இல்லை. அந்த வேலையைப் பூஞ்சாணம் செய்கிறது. அதற்கான உறைதான் 'மர்ச்சா' என்னும் வெள்ளை வில்லை. ஊறவைத்து இடித்த அரிசி மாவுடன் இஞ்சி, மிளகாய், சில மூலிகைகள், பழைய மர்ச்சாத் தூள் சிறிது சேர்த்துப் பிசைந்து வில்லையாகத் தட்டிப் பெரணி இலையில் பரப்பி, அடுப்படிக்கு மேலே வைத்துப் புளிக்க விட்டு வெயிலில் காய வைக்கின்றனர். மூலிகைகளுள் நம் கொடிவேலி வேரும் உண்டு. பாலுக்குப் பழைய மோரை உறை ஊற்றுவது போன்றதே இம்முறை. வாரச்சந்தைகளில் இவ்வில்லை விற்பனைக்கும் வருகிறது.

கேழ்வரகைக் கழுவி அரைமணி நேரம் வேகவைத்து, நீரை வடித்து, மூங்கில் பாயில் கொட்டி ஆற வைக்கின்றனர். கைபொறுக்கும் சூட்டில் 10 கிலோ தானியத்துக்கு 100 முதல் 200 கிராம் மர்ச்சாத் தூள் கலக்கப்படுகிறது. பெரணி இலை பரப்பிய மூங்கில் கூடையில் 2 முதல் 4 நாட்கள் வைத்தால் இனிப்பு வாசனை எழும். பிறகு மண்பானையில் அடைத்து வாயை மூடுகின்றனர். கோடையில் 3, 4 நாட்களிலும் குளிரில் ஒரு வாரத்திலும் பதம் வந்துவிடும். நாள் கடந்தால் புளிப்பு மிஞ்சும்.

இதை வடிகட்டி ஊற்றிக் கொடுப்பதில்லை. 'தோங்பா' என்னும் மூங்கில் குவளையில் புளித்த தானியத்தையே நிரப்பி வெந்நீர் ஊற்றுகின்றனர். 10, 15 நிமிடம் கழித்து வெண்மையான சாறு இறங்கும். அதை மெல்லிய மூங்கில் குழலால் உறிஞ்சுகின்றனர். குழலின் அடி மூடியிருக்கும். பக்கவாட்டில் சிறு துளை மட்டும் உண்டு. ஆகவே தானியம் வாயில் ஏறாது. அதே தானியத்துக்கு இரண்டு மூன்று முறை வெந்நீர் ஊற்றலாம். நல்ல சரக்கில் இலேசான இனிப்பும் அளவான புளிப்பும் இருக்கும். மர்ச்சாவுக்கு மர்ச்சா சுவை மாறுவதால் ஒரு வீட்டுப் பானம் அடுத்த வீட்டுப் பானம் போல இராது. மிஞ்சிய சக்கை பன்றிகளுக்குத் தீவனமாகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விளைச்சல் குறைந்த ஆண்டில் பானைக்குப் போகும் ஒவ்வொரு படியும் பிள்ளைகளின் சாப்பாட்டில் குறைகிறது. எவ்வளவு பானைக்கு, எவ்வளவு அடுப்புக்கு என்பது அங்கு வீட்டுக்கு வீடு பெண்கள் போடும் கணக்கு.

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எனவே இங்கு யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியின் பயனை முளைகட்டிய கேழ்வரகு மாவில் பெறலாம். ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, இரண்டு நாள் முளைக்கவிட்டு, நன்கு காயவைத்து, இலேசாக வறுத்து அரைக்க வேண்டும். இம்மாவில் காய்ச்சிய கஞ்சி கட்டியாகாமல் இளகி நிற்பதால், குழந்தைக்கு அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைக் கொடுக்க முடியும். முளைகட்டும்போது பச்சையாகவோ கருப்பாகவோ பூஞ்சாணம் கண்டால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மர்ச்சாவில் உள்ள பூஞ்சாணம் வேறு, இது வேறு.