பீட்டர் கொனாகர் நிறுவனம்

பீட்டர் கொனாகர் நிறுவனம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் 1854-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குழாய் ஆர்கன் தயாரிப்பு நிறுவனம் ஆகும். சென்னை எழும்பூரில் உள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் ஆர்கன் 1883-இல் இந்நிறுவனம் செய்தது.

தோற்றம்

நிறுவனர் பீட்டர் கொனாகர் (1823–1894) ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். ஹடர்ஸ்ஃபீல்டு கம்பளி ஆலைகளால் வளர்ந்த நகரம். ஆலைத் தொழில் பெருகிய அக்காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் புதிய தேவாலயங்கள் எழுந்தன. ஆர்கன்களின் தேவையும் கூடியது. பீட்டருடன் பணியாற்றிய சகோதரர் ஜேம்ஸ், பின்னர் அதே நகரில் தனி நிறுவனம் நடத்தினார்.

கருவி இயங்கும் முறை

ஆர்மோனியத்தைப் போலவே குழாய் ஆர்கனும் துருத்திக் காற்றால் ஒலிக்கிறது. துருத்தியிலிருந்து வரும் காற்று ஒரு பெட்டியில் சீரான அழுத்தத்தில் நிற்கும். கட்டையை அழுத்தினால் வால்வு திறந்து, அதற்குரிய குழாய்க்குள் காற்று புகும். குழாய் நீளமானால் சுருதி தாழும். திறந்த குழாயின் நீளத்தை இருமடங்காக்கினால் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். பெரும்பாலான குழாய்கள் புல்லாங்குழல் போல ஒலிப்பவை. சிலவற்றின் அடியில், அதிர்ந்து ஒலி எழுப்பும் உலோக நாக்கு உண்டு.

சென்னை ஆர்கன்

புனித ஆண்ட்ரூ தேவாலயம் ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்காகக் கட்டப்பட்டு 1821-இல் திறக்கப்பட்டது. அத்திருச்சபையின் வழிபாட்டில் ஆர்கனுக்கு நெடுங்காலம் இடமில்லை. 1860-களில்தான் தடை தளர்ந்தது. எழும்பூரில் ஆர்கன் அமைந்தது, தேவாலயம் திறந்து 62 ஆண்டுகளுக்குப் பின்னரே.

தட்பவெப்பமும் பராமரிப்பும்

குளிர்நாட்டில் செய்த ஆர்கனுக்கு வெப்பநாடு ஒரு சோதனை. வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால், காற்றில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 2 விழுக்காடு கூடும். இதனால் புல்லாங்குழல் வகைக் குழாய்களின் சுருதி ஏறும். நாக்குக் குழாய்களின் சுருதியோ அந்த அளவு மாறாது. ஒரே கருவிக்குள் இரு வகைக் குழாய்களும் இணங்காமல் போகும். ஈரமும் தொல்லை தரும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி வீடுகளின் மரக்கதவுகள் உப்பி இறுகுவதைப் போல, ஆர்கனின் மர உறுப்புகளும் உப்பிச் சிக்கிக்கொள்ளும். துருத்தித் தோல் விறைத்து வெடிக்கும். கறையானும் மரத்தை அரிக்கும்.

ஆகவே, ஆர்கன் வாங்கி நிறுவியதோடு வேலை முடிவதில்லை. சுருதி சேர்க்கவும், தோல் மாற்றவும், வால்வுகளைச் சீர்செய்யவும் தேர்ந்த கைகள் தொடர்ந்து தேவை. ஆர்மோனியத்தைப் பழுதுபார்ப்பவர் நம் ஊர்களில் கிடைப்பார். குழாய் ஆர்கன் அறிந்தவர் இந்தியாவில் மிகச் சிலரே. பராமரிக்க ஆளில்லாத இடங்களில் மின்னணு ஆர்கன்கள் வந்துவிடுகின்றன. கொனாகர் நிறுவனத்தின் கைவேலை சென்னையில் நிலைப்பது, அந்த வேலையை இங்கே கற்பவர்களைப் பொறுத்தது.