கூந்தலும் சுழலும் இயந்திரமும்

1943ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலம். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஏராளமாக வேலை செய்தனர். ஒரு கண்ணை மறைத்துத் தொங்கும் நடிகை வெரோனிகா லேக்கின் கூந்தல் பாணி அவர்களிடையே பரவியிருந்தது. அது இயந்திரங்களில் சிக்கியது. அரசு கேட்டுக்கொண்டதால் அந்த நடிகை தம் கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொண்டார்!

முடி சிக்கினால் உடனே இழுத்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? ஒரு கணக்குப் போடுங்கள். துளையிடும் இயந்திரம் நிமிடத்திற்கு 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் சக்கின் விட்டம் 4 செ.மீ. எனில் சுற்றளவு சுமார் 12.5 செ.மீ. ஆகவே, நொடிக்கு 3 மீட்டர் முடியை அது சுற்றிக்கொள்ளும். 60 செ.மீ. பின்னலுக்கு ஐந்தில் ஒரு நொடி போதும்! ஆபத்தைக் கண்டு நம் கை அசையத் தொடங்கவே ஏறத்தாழ அவ்வளவு நேரமாகும். மின்சாரத்தை நிறுத்தினாலும், நிலைமத்தால் இயந்திரம் மேலும் சில சுற்றுகள் சுழலும்.

முடி வழுக்கி வெளியே வராதா? வராது. படகுக் கயிற்றைக் கம்பத்தில் நான்கு சுற்றுச் சுற்றினால், சிறுவன் ஒருவனே படகை நிறுத்திவிடலாம். சுற்றுக்குச் சுற்று உராய்வின் பிடி பன்மடங்காகிறது. முடியும் அப்படித்தான். ஓர் இழை சுமார் 100 கிராம் எடையைத் தாங்கும். ஆயிரம் இழைகள் சேர்ந்தால் 100 கிலோகிராம்! முடி அறுபடுமுன் தலைத்தோலே பிய்ந்துவிடும், உயிரும் போகலாம்.

எனவே, பட்டறைக்குள் நுழையுமுன் முடியைக் கொண்டையிட்டுத் தொப்பிக்குள் அடக்குங்கள். தொங்கும் பின்னல் போதாது. தாவணி, தளர்ந்த சட்டைக்கை, கையுறை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். முடி வளர்த்திருக்கும் பையன்களே, உங்களுக்கும்தான்!