வெட்டிய காடு மீண்டும் வளர்ந்தது
பேர்லின் பூங்காவில் கமராவோடு ஒரு காலை

பெரிய நகரமொன்றின் நடுவே காடு இருக்க முடியுமா? ஜேர்மனியின் தலைநகரான பேர்லினில் இருக்கிறது. ரீயர்கார்ட்டன் என்பது அதன் பெயர். விலங்குத் தோட்டம் என்பது அதன் கருத்து. 16ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்தினர் வேட்டையாடிய வனம் இது. 1742இல் மன்னன் இரண்டாம் பிரெடெரிக் வேலிகளை அகற்றுவித்து, பொதுமக்கள் உலாவும் பூங்காவாக ஆக்கினான். இன்று அதன் பரப்பு 210 ஹெக்டேயர், அதாவது சுமார் 520 ஏக்கர்.

அதிகாலையில் கமராவோடு உள்ளே போகின்றவர் சில நிமிடங்களிலேயே நகரத்தை மறந்து விடுவார். குளங்களின் மேல் பனிப்புகார் படிந்திருக்கும். ஓக், பீச், மேப்பிள் மரங்களுக்கிடையே ஒற்றையடிப் பாதைகள் வளைந்து செல்லும். செந்நரி ஒன்று பாதையைக் கடந்து போகலாம். ஏப்ரல் மாதக் கடைசியிலிருந்து நைட்டிங்கேல் என்ற சிறு பறவை இரவிரவாகப் பாடும். பெரிய வகை வல்லூறுகள் பேர்லின் நகரத்துக்குள் மட்டும் சுமார் 100 சோடிகள் கூடு கட்டுகின்றன.

இந்தக் காட்டைப் படம் எடுப்பவர்கள் ஏராளம். ஆனால் அந்த மரங்களை உற்றுப் பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். பெரும்பாலான மரங்கள் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. இடையிடையே மட்டும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய அளவுக்குப் பருத்த கிழட்டு ஓக் மரமொன்று தனியே நிற்கும். ஏன் அப்படி?

விறகான வனம்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு இங்கே சுமார் 200,000 மரங்கள் இருந்தன. யுத்தம் முடிந்த பின் எஞ்சியவை ஏறக்குறைய 700 மட்டுமே. குண்டுவீச்சும் 1945 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த இறுதிச் சண்டையும் ஒரு பகுதியை அழித்தன. மிகுதியை வெட்டியவர்கள் நகரத்து மக்களே. நிலக்கரி கிடைக்கவில்லை. வீடுகளுக்குக் கண்ணாடியுமில்லை, கூரையுமில்லை. 1946 - 47 மாரிகாலம் மிகக் கொடிய குளிரோடு வந்தது. பிள்ளைகளைக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டுமானால் விறகு வேண்டும். ஆண்களில் பெருந்தொகையானோர் இறந்துவிட்டனர், அல்லது கைதிகளாக இருந்தனர். ஆகவே பெண்களே கோடரியும் வாளும் எடுத்தனர். மரக்கட்டைகளைக் கைவண்டிகளிலும் குழந்தைகளின் தள்ளுவண்டிகளிலும் ஏற்றிச் சென்றனர்.

மரம் போன வெறும் நிலத்தைப் பிரித்தானியப் படை நிர்வாகம் சிறு துண்டுகளாக மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. சுமார் 2,500 துண்டுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடப்பட்டன. உடைந்த சிலைகளுக்குப் பக்கத்தில் பெண்கள் குனிந்து மண் கொத்தினார்கள்.

மரம் வெட்டியது தவறா? பசியையும் குளிரையும் அறிந்த எவரும் அந்தக் கேள்வியை அவசரப்பட்டுக் கேட்கமாட்டார்கள். பதுங்குகுழிக்கு மேலே போடுவதற்காகத் தறிக்கப்பட்ட எமது பனைகளை நினைத்துப் பார்த்தாலே போதும். நட்டு வளர்த்த கையாலேயே அதைத் தறித்தவர்களின் மனவேதனை எங்களுக்குத் தெரியும்.

முதலாவது கன்று

1949 மார்ச் 17ஆம் திகதி மேற்கு பேர்லின் நகர முதல்வர் ஏர்ண்ஸ்ட் றொய்ட்டர் அங்கே ஒரு லிண்டன் கன்றை நட்டார். அந்த நாளில் நகரம் முற்றுகைக்குள் இருந்தது. 1948 ஜூன் முதல் 1949 மே வரை சோவியத் தரப்பு வீதிகளையும் புகையிரதப் பாதைகளையும் மூடியிருந்தது. உணவும் நிலக்கரியும் விமானத்தில் வந்தன. அந்த விமானங்களிலேயே மரக்கன்றுகளும் வந்தன என்பது பலருக்குத் தெரியாது. ஜேர்மனியின் ஏனைய நகரங்கள் கொடுத்த கன்றுகள் எல்லாமாக 250,000. நடுகை வேலை 1959 வரை நீடித்தது. அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் வில்லி அல்வேர்டெஸ். அரச ஆடம்பரப் பூங்காவாக அல்லாமல், களைத்த மக்கள் அமைதியாக இருக்கக்கூடிய இடமாக அது அமைய வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது.

ஆகவே இன்று நாம் காட்டு மரங்கள் என்று பார்ப்பவற்றில் அநேகமானவை மனிதர் கையால் நட்டவை. வயது 70ஐத் தாண்டியவை. நட்ட பிறகு காடு தன் வேலையைத் தானே செய்தது. விதை விழுந்தது, பறவை வந்தது, நரி வந்தது.

1961இல் எழுந்த பேர்லின் மதில் இந்தப் பூங்காவின் கிழக்கு ஓரத்தோடு 1989 வரை நின்றது. 1980களில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்கு அகதிகளாக வந்து சேர்ந்த எம்மவர்கள் பலர். அவர்கள் வந்திறங்கிய நகரமும் ஒரு காலத்தில் எரிந்து, பட்டினி கிடந்து எழுந்த நகரம்தான்.

இரண்டு படங்கள்

1946ஆம் ஆண்டுக் காலத்துப் படங்களில் வெற்றித்தூபி என்ற உயரமான தூண் வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது. இடையில் மறைப்பதற்கு மரமில்லை. இன்று காட்டுப் பாதைகளில் நின்று பார்த்தால் 67 மீற்றர் உயரமான அதே தூணை இலைகள் மறைத்து விடுகின்றன. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு விளக்கம் தேவையில்லை. பழைய படத்தை யாரோ எடுத்து, பத்திரமாக வைத்திருந்தபடியால்தான் இந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று.

ஆனால் அந்தப் பழைய படங்களில் ஒரு குறையுண்டு. விறகு சுமக்கும் பெண்கள், கிழங்கு கிண்டும் பெண்கள் பலருக்கும் அவற்றில் பெயரில்லை. எங்களுக்கும் இது பழகிய விடயம். முகாம் வாசலிலும் வரிசையிலும் எங்களைப் படம் எடுத்தவர்கள் அநேகர். பெயர் கேட்டவர்கள் சிலர். படத்தின் பிரதியொன்றை எங்களிடம் தந்தவர்கள் மிகச் சிலரே. ஒருவரின் படத்தை அவரது சம்மதமின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் ஜேர்மனியில் 1907ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கமரா எங்கள் கையில் இருக்கும்போது நாங்களும் இதே மரியாதையை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும்.

நீங்களும் எடுக்கலாம்

காட்டைப் படம் எடுக்க விலையுயர்ந்த கமரா தேவையில்லை. கைத்தொலைபேசியே போதும். சில விடயங்களைக் கவனித்தால் சரி.

உச்சி வெயிலில் மரங்களுக்கிடையே வெளிச்சமும் நிழலும் திட்டுத்திட்டாக விழும். படத்தில் ஒரு பக்கம் வெளிறும், மறுபக்கம் கறுக்கும். அதிகாலையும் மப்பும் மந்தாரமுமான பொழுதும்தான் நல்லவை. வானத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் மரம் இருண்டுவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கை நடுங்கினால் படம் கலங்கும். முழங்கையை ஒரு மரத்தில் ஊன்றிக்கொண்டு எடுங்கள். காடு முழுவதையும் ஒரே படத்தில் அடக்க முயல வேண்டாம். ஒரு மரம், ஒரு பட்டை, ஒரு முளை போதும். கூட்டுக்கு அருகே போகக் கூடாது. தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடக் கூடும்.

எல்லாவற்றிலும் பெறுமதியானது, ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று மாதமொரு முறை எடுப்பது. முற்றத்து வேம்பாகவும் இருக்கலாம், மீள்குடியேறிய பின் வேலியோரம் நட்ட பனம்விதையாகவும் இருக்கலாம். பக்கத்தில் பிள்ளையை நிற்க வைத்தால் இருவரின் வளர்ச்சியும் பதிவாகும். படத்தின் பின்னே திகதி, இடம், நிற்பவரின் பெயர் எழுதி, ஒரு பிரதியை வேறொரு வீட்டிலும் வையுங்கள். இடம்பெயரும்போது அல்பத்தைத் தொலைத்தவர்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டது என உறுதிசெய்யப்படாத காணிக்குள்ளோ பற்றைக்குள்ளோ படத்துக்காகக் காலடி வைக்க வேண்டாம். சந்தேகத்துக்கிடமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

ரீயர்கார்ட்டன் காட்டுக்கும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. 2017 ஒக்ரோபரில் வீசிய புயல் பேர்லினில் பெருந்தொகை மரங்களைச் சாய்த்தது. 2018இலிருந்து வந்த வறட்சிக் கோடைகளில் பீச் மரங்கள் பல பட்டுப்போயின. அங்கே இன்னமும் நட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

1949இல் அந்த லிண்டன் கன்றை நட்டபோது சுற்றிவர நின்றவர்களில் அதன் முழு நிழலில் இருந்தவர்கள் எத்தனை பேரோ! ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் காட்டில் இன்று நைட்டிங்கேலின் பாட்டைக் கேட்கிறார்கள். உங்கள் முற்றத்துக் கன்றை இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள். அது பெரிய மரமாகும் நாளில், தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு சாட்சி வேண்டுமல்லவா?