தோப்பை வெட்டினால் வருமானமா?

பசிபிக் மாக்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, நௌரு என்றொரு தீவு இருக்கிறது. பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். ஆனாலும் அது ஒரு தனி நாடு. மக்கள்தொகை ஏறக்குறைய 12,000. இந்தச் சின்னஞ்சிறு நாடு 1970-களில் தலா வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளுள் ஒன்றாக விளங்கியது. இன்றோ அத்தீவின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தோண்டப்பட்டுக் கிடக்கிறது. உணவின் பெரும்பகுதி கப்பலில் வருகிறது.

அவ்வளவு வளர்ச்சி பெற்ற நாடு இந்நிலைக்கு வந்தது எப்படி?

பறவைகள் சேர்த்த செல்வம்

பயிர் வளரப் பாஸ்பரஸ் தேவை. அது ஒரு தனிமம். அதன் வேலையை வேறெந்தத் தனிமமும் செய்யாது. நௌருவில் இந்தப் பாஸ்பரஸ், பாஸ்பேட் பாறையாக ஏராளமாகக் கிடந்தது. கடற்பறவைகளின் எச்சம் நெடுங்காலமாகச் சேர்ந்து, பவளச் சுண்ணாம்புக் கல்லுடன் வினைபுரிந்து உண்டானது அது என்பதே பரவலாகக் கூறப்படும் விளக்கம்.

1900-ஆம் ஆண்டளவில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர், சிட்னி நகர அலுவலகம் ஒன்றில் கதவுக்கு முட்டாக வைத்திருந்த ஒரு கல்லைச் சோதித்துப் பார்த்தார். நௌருவிலிருந்து வந்திருந்த அந்தக் கல் உயர்தரப் பாஸ்பேட்! சில ஆண்டுகளிலேயே சுரங்க வேலை தொடங்கிவிட்டது. பாறையைப் பொடித்துக் கந்தக அமிலத்துடன் சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட் உரம் கிடைக்கும். நௌருவின் பாஸ்பேட் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் செழிக்கச் செய்தது.

1968-இல் நௌரு விடுதலை பெற்றது. 1970-இல் சுரங்கத் தொழில் அதன் கைக்கு வந்தது. பணம் குவிந்தது. 1977-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்றைக்கூட அந்நாடு கட்டியது.

ஒரு சிறு கணக்கு

இங்கே சற்று நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 100 தென்னை மரங்கள் உள்ளன. மரத்துக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீதம் தேங்காயில் ஒரு லட்சம் ரூபாய் வருமானம். இரண்டாம் ஆண்டு அவர் 20 மரங்களை வெட்டி, மரம் 5,000 ரூபாய்க்கு விற்கிறார். மரத்தில் ஒரு லட்சம், மீதி 80 மரங்களின் தேங்காயில் 80,000. ஆக வருமானம் 1,80,000 ரூபாய். ஒரே ஆண்டில் 80 சதவீத வளர்ச்சி!

ஆண்டுதோறும் இப்படியே 20 மரங்களை வெட்டிவந்தால் வருமானம் 1,60,000, 1,40,000, 1,20,000, 1,00,000 என்று வரும். ஆறாம் ஆண்டு வரை ஒருமுறைகூட முதலாண்டு வருமானத்துக்குக் கீழே இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழாம் ஆண்டு? சுழி.

தவறு எங்கே? மரம் விற்ற பணத்தை வரவில் எழுதினார். மரம் போனதைச் செலவில் எழுதவில்லை. ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள மரங்களை இழந்ததைக் கழித்திருந்தால், இரண்டாம் ஆண்டின் உண்மை வருமானம் 80,000 ரூபாய்தான். அதாவது, வளர்ச்சி அல்ல, தேய்வு. தேங்காய் வட்டி, மரம் அசல்.

நாடுகள் தம் வளர்ச்சியை அளக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்னும் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதப்படுகிறது. தோண்டி விற்ற கனிமம் வரவில் ஏறும். குறைந்துபோன நிலமும் நீரும் காடும் அதில் கழிக்கப்படுவதில்லை.

பணம் இருந்தால் போதுமா?

கனிமம் விற்ற பணத்தைச் சேமிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நௌருவும் சேமிப்பு நிதி வைத்திருந்தது. தவறான முதலீடுகளாலும் மிதமிஞ்சிய செலவாலும் அது கரைந்தது. மெல்போர்ன் கட்டடமும் 2004-இல் விற்கப்பட்டது. நார்வே நாடோ தன் எண்ணெய் வருவாய்க்கென 1990-இல் சட்டமியற்றி ஒரு நிதியை ஏற்படுத்தி, அசலைக் காத்து வருகிறது. பணக்கணக்கில் இது நல்ல பாடம். ஆனால் அந்த எண்ணெய் எரிந்து உண்டான கார்பன்-டை-ஆக்சைடு எல்லா நாடுகளுக்கும் பொதுவான காற்றில் கலக்கிறது. அது அந்த நிதியின் கணக்கேட்டில் இல்லை.

நௌருவில் பாஸ்பேட், சுண்ணாம்புப் பாறைத் தூண்களின் இடுக்குகளில் நிறைந்திருந்தது. அதை அள்ளியபின் பல மீட்டர் உயரமுள்ள கூரிய பாறைகளே மிஞ்சின. அங்கே ஏர் பூட்ட முடியாது. வீடு கட்டுவதும் கடினம். விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்துக்காக நௌரு 1989-இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது. 1993-இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர உடன்பாடு ஏற்பட்டது. பணம் கிடைத்தும் பழைய மண் திரும்பவில்லை.

இயற்பியல் சொல்வது

பொருள் அழிவதில்லை என்று படித்திருக்கிறீர்கள். நௌருவின் பாஸ்பரசும் அழியவில்லை. அது வயல்களில் பரவியது. பயிரிலும் மந்தையிலும் புகுந்தது. ஒரு பகுதி மழைநீரோடு கடலுக்குப் போனது. ஒரு பிடி உப்பைக் கடலில் எறிந்தபின் அதே உப்பைத் திரும்ப எடுக்க முயன்று பாருங்கள்! ஓரிடத்தில் செறிந்திருந்த பொருள் எளிதில் சிதறும். சிதறியதைத் திரட்ட மிகுந்த ஆற்றல் வேண்டும். எண்ட்ரோபி என்று இயற்பியலில் நாம் பேசுவது இதைப் பற்றித்தான். சாணத்தையும் எருவையும் வயலுக்கே திருப்புவது சிக்கனம் என்பதற்கு இதுவே காரணம். சிதறும் முன்பே பாஸ்பரசை மடக்கிவிடுகிறோம்.

அப்படியானால் வளர்ச்சியே வேண்டாமா? வேண்டும். பள்ளியும் மருத்துவமனையும் மின்சாரமும் அதனால்தான் வருகின்றன. ஆனால் கணக்கு முழுமையாக இருக்க வேண்டும். 2012-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம், இயற்கை வளங்களின் இருப்பையும் குறைவையும் பொருளாதாரக் கணக்கோடு சேர்த்து எழுதும் முறை ஒன்றைப் பன்னாட்டுத் தரமாக ஏற்றுக்கொண்டது. அசலையும் கணக்கில் எழுதத் தொடங்கிவிட்டார்கள் எனலாம்.

நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் ஊர்க் கிணறு ஒன்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அளக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். ஆண்டுகள் சில சென்றபின், அந்தக் கிணற்று நீரில் விளைந்த பயிர் வட்டியில் விளைந்ததா, அசலில் விளைந்ததா என்பதை அந்த எண்களே உங்களுக்குச் சொல்லும்.