வாழைக்காய் வறுவலும் வாணலிக் கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழை பயிரிடாத ஊர் அரிது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பகுதித் தோட்டங்களிலிருந்து தார்கள் லாரி லாரியாக வெளியூர் செல்கின்றன. விலை சரிந்த நாட்களில், தாரை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதைவிடக் காயைச் சீவி வறுத்து விற்றால் நாலு காசு மிஞ்சும் என்று விவசாய அங்கத்தினர் எண்ணுவது இயல்பே. தறி ஓடாத மாதங்களில் நெசவாளர் குடும்பத்துப் பெண்டிருக்கும் இது தக்க கைத்தொழில்தான். ஆயின் வறுவலை விற்கப் புகுவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அது தொலைதூரத்துச் சுவீடன் நாட்டில் தொடங்கியது.

1997-ஆம் ஆண்டு அந்நாட்டின் தென்பகுதியில் ஹாலண்ட்சோஸ் என்னுமிடத்தில் இரயில் பாதைக்காக மலையைக் குடைந்தனர். நீர்க்கசிவை அடைக்கச் செலுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு என்னும் இரசாயனம் ஓடையில் கலந்தது. மீன்கள் மடிந்தன, அந்நீரைக் குடித்த மாடுகள் கால் விளங்காமல் விழுந்தன. தொழிலாளரின் இரத்தத்தைச் சோதித்த அறிஞர்கள், ஒப்பிடுவதற்காக அவ்வேலையோடு தொடர்பே இல்லாதவரின் இரத்தத்தையும் சோதித்தனர். என்ன வியப்பு! அவர்களிடமும் அதன் சுவடு இருந்தது. காரணத்தைத் தேடிய ஆராய்ச்சி இறுதியில் சமையலறையில் போய் நின்றது. வறுத்த உருளைக்கிழங்கிலும் சுட்ட ரொட்டியிலும் இப்பொருள் தானே உண்டாகிறது என்று 2002 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

மாவுப் பண்டங்களிலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் குளுக்கோஸ் போன்ற சர்க்கரையும் ஏறத்தாழ 120 செல்சியஸ் பாகைக்கு மேற்பட்ட சூட்டில் கூடுவதால் இது பிறக்கிறது. வறுவலுக்குப் பொன்னிறமும் மணமும் தருவது இதே வினைதான். ருசியும் கேடும் ஒரே வாணலியில்! நீராவியில் வேகும் இட்லிக்கும் புட்டுக்கும் இத்தொல்லை இல்லையென்றே சொல்லலாம்.

மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994-லேயே இதை வகைப்படுத்தியது. விலங்குகளிடம் கண்ட சான்று வலுவானது. உணவின் வழியே மனிதருக்கு நேரும் தீங்கு இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. ஆகவே பீதி வேண்டாம். எனினும் உடல் எடைக்கு ஒப்பிடின் குழந்தைகளே இத்தகைய பண்டங்களை மிகுதியாகத் தின்பவர் என்பதை மறக்கலாகாது.

நம் விவசாயிக்கு இதில் நேரடியான பங்குண்டு. வாழைக்காயில் மாவுச்சத்தே மிகுதி; பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறுகிறது. பழுக்கத் தொடங்கிய காயை ‘வீணாகிறதே’ என்று வறுவலுக்கு அனுப்பினால், சீவல் விரைவில் கருகும், அக்ரிலமைடும் கூடும். முற்றிய, பழுக்காத காயே வறுவலுக்கு உகந்தது. குளிர்பதனத்தில் வைத்த உருளைக்கிழங்கு வறுத்தால் கறுப்பதற்கும் சர்க்கரை கூடுவதே காரணம். சீவிய துண்டுகளை நீரில் அலசி வடித்து, எண்ணெய்ச் சூட்டை 175 பாகைக்கு மேல் விடாமல், இளம் பொன்னிறத்திலேயே அரித்தெடுப்பது நலம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் முதல் உருளை வறுவலுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம், அதாவது முக்கால் மில்லிகிராம், என்னும் அளவுகோலை நடைமுறைப்படுத்தியது. அதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். சிறு சங்கத்துக்கு நிறமே அளவுகோல்: நல்ல சீவல் ஒன்றை மாதிரியாக வைத்து, அதனினும் கறுத்ததைப் பொறுக்கி நீக்கலாம்.

எண்ணெயின் கதை வேறு. மீண்டும் மீண்டும் காயும் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் என்னும் சிதைவுப் பொருள்கள் பெருகுகின்றன. இவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. சூடான எண்ணெயில் தோய்த்தால் விகிதத்தைக் காட்டும் கைக்கருவிகள் உள்ளன. பல சங்கங்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

நாம் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் எண்ணெய் வாங்கிய சீட்டுகள் ஒழுங்காக இருக்கின்றன. கழித்த எண்ணெய்க்கு மட்டும் கணக்கே இராது! பழைய எண்ணெயின் மேலேயே புதியதை ஊற்றிக்கொண்டு போனால் கழிக்க என்ன இருக்கும்? நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் நிலையங்கள் இக்கணக்கை எழுதியே ஆகவேண்டும் என்பது 2019 மார்ச் முதல் விதி. அதனினும் குறைவாகச் செலவழிக்கும் சங்கமும் எழுதலாம்: ஊற்றியது, எத்தனை ஈடு வறுத்தது, கருவி காட்டியது, கழித்தது. கழித்ததைத் தெருவோர வடைக் கடைக்கு மலிவாகத் தள்ளுவது ஒருவர் நஞ்சை இன்னொருவர் இலையில் பரிமாறுவதாகும். 2018 ஆகஸ்டில் ஆணையம் தொடங்கிய திட்டப்படி, பயோடீசல் செய்வதற்காக அதைச் சேகரிக்கும் அங்கீகாரம் பெற்றோரிடம் ஒப்படைத்து, ரசீதையும் அதே ஏட்டில் ஒட்டி வைக்கலாம்.